ஒரு குடம் தண்ணீர்

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வரும் பேருந்தில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், பல நாள் தாடி. அடிக்கடி தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார்.

தாளில் இருந்த உப்புக்கரைசல் கணக்கைப் பார்த்ததும் கேட்டார்: "சார், எனக்கொரு கணக்குப் போட்டுத் தருவீகளா? பருத்திக்கு அடிக்கிற மருந்து ரெண்டு சதவீதம் இருக்கணும். நான் நாலாக் கலந்துட்டேன், பத்து லிட்டர். இன்னும் எம்புட்டுத் தண்ணி ஊத்தியிருந்தா சரியாயிருக்கும்?"

தண்ணீரை எக்ஸ் என்று வைத்து, ஒரு வெற்றுத்தாளில் சமன்பாடு எழுதிக் காட்டினேன். "இன்னொரு பத்து லிட்டர், அண்ணே."

"ஒரு குடம்," என்றார். "தெளிச்சது எம் பொஞ்சாதி. நெடி தாங்கல, தண்ணி ஊத்தவான்னு கேட்டா. பூச்சி சாகாது, வேணாம்னுட்டேன். வயல்லயே விழுந்தா. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில போயிட்டா."

"அது மட்டும் காரணமா இருக்காதுண்ணே."

"கணக்கு பொய் சொல்லுமா, சார்?"

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.