பலகைக்கு அந்தப் பக்கம்

வள்ளம் தைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே, நடுவில் பலகை. ஒன்பதாம் வகுப்பில் என் ஜோடியை இன்னொருவன் கொண்டுபோனான். அந்த வயிற்றெரிச்சல் இத்தனை வருஷம் கழித்தும் முழுதாக ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்திருந்த புதிது. எங்கள் பள்ளியில் கைத்தொழில் ஒன்றைப் பாடமாக எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். தறி இருந்தது, வள்ளம் என்று நாங்கள் சொல்லும் படகு கட்டுவது இருந்தது. நான் வள்ளத்துக்குப் பேர் கொடுத்தேன். அத்தாவுக்கு மட்டாஞ்சேரி பஜாரில் மல்லி, வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். கடையின் பின்வாசலைத் திறந்தால் காயல். வள்ளங்கள் தாமாகவே நம் வாசலுக்கு வரும்போது அதைக் கட்ட வேறு படிக்க வேண்டுமா என்று கேட்டார். என் கூட்டுக்காரன் அதில் சேர்ந்திருந்தான், அதனால் சேர்ந்தேன். வேறு காரணமே கிடையாது.

அவன் பாலக்காட்டிலிருந்து வந்து சேர்லாயில் குடியேறிய பிராமண வீட்டுப் பையன். வகுப்பில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். அவன் தமிழை நான் கேலி செய்வேன், என் தமிழை அவன் கேலி செய்வான், மற்றவர்களுக்கு இரண்டும் புரியாது. அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் வள்ளத்தில் ஆணி கிடையாது. ஆஞ்ஞிலி மரப் பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, இரண்டு பலகை சேரும் இடத்தில் தேங்காய் நாரை வைத்து, அதன்மேல் கயிற்றால் இறுக்கித் தைக்க வேண்டும். வெளியே இருப்பவன் கயிற்றைத் துளையில் விடுவான். உள்ளே இருப்பவன் வாங்கி இழுத்து அடுத்த துளை வழியாகத் திருப்பி அனுப்புவான். வள்ளத்தை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்ததால் உள்ளே உட்கார்ந்தவனின் தலைகூட வெளியே தெரியாது. இறுக்கியது போதும் என்றால் பலகையில் ஒரு தட்டு. நாங்கள் அதோடு விடாமல் பலகை வழியாகவே ஊர்க்கதை முழுவதும் பேசுவோம். எங்கள் வேலை மெதுவாகத்தான் நடந்தது. அதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை.

வள்ளம் கட்டச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், எங்கள் மாஷுக்குக் கவலை இருந்தது. இரண்டு வலக்கைக்காரர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் ஒருவனுடைய கை வள்ளத்தின் தலைப்பக்கம் இருக்கும், மற்றவனுடையது வால்பக்கம் இருக்கும். கயிறோ இரண்டு பக்கமும் தலையைப் பார்த்தே இழுபட வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் யாராவது ஒருவன் உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டியிருந்தது. அப்போதுதான் களமசேரியிலிருந்து ஒரு மலையாளப் பையன் வந்து சேர்ந்தான். இடக்கைக்காரன். மாஷ் அவன் எழுதுவதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்திரு என்றார்.

அன்றைக்கே அவர்கள் இருவரும் நாங்கள் ஒரு வாரத்தில் தைத்த நீளத்தைத் தைத்து முடித்தார்கள். எனக்கு நார் உரிக்கும் வேலை கிடைத்தது. தைத்த இடத்தில் மீன் எண்ணெய் பூசும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதாவது அவர்கள் தைத்துப் போன வழியெல்லாம் நான் பின்னாலேயே எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தால் உம்மா கிணற்றடியிலேயே நிறுத்திவிடுவாள்.

களமசேரிக்காரனிடம் ஏதாவது குறை இருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தேடித் தேடிப் பார்த்தேன். திமிர் இல்லை, கஞ்சத்தனம் இல்லை. கொண்டுவந்த அவித்த கப்பைக்கிழங்கில் எனக்கும் பங்கு வைத்தான். தின்றேன், ருசியாகத்தான் இருந்தது, அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது. என் கூட்டுக்காரன் பலகை வழியாக இப்போது மலையாளத்தில் பேசினான். இருவரும் எதற்கோ சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். ஒன்றுமில்லாததற்கு யாராவது அவ்வளவு சிரிப்பார்களா?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். இடது கைதானே வேண்டும்? என்னிடமும் ஒன்று இருக்கிறதே.

கடையை ஒட்டி மூட்டை அடுக்கும் கிட்டங்கித் தூணில் கயிற்றைச் சுற்றி இடது கையால் இழுத்துப் பழகினேன். முதலில் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பல் தேய்ப்பது, வாளி தூக்குவது, கதவு திறப்பது எல்லாவற்றையும் அதற்கே கொடுத்தேன். உள்ளங்கை தோல் உரிந்து காய்த்துப் போயிற்று. மெல்ல மெல்ல அதற்குப் புத்தி வந்தது. வரக்கூடாத இடத்திலும் வந்துவிட்டது என்பதுதான் கஷ்டம்.

சொந்தத்தில் ஒரு நிக்காஹ். எங்களில் விருந்தென்றால் நான்கு பேருக்கு ஒரு சகன், பெரிய தட்டில் சோறு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைக்க வேண்டும். என் சகனில் அத்தா, பெரியத்தா, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர். பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினேன். நீண்டது இடது கை. சோற்றுக்குள் போய்ப் பிசையவும் ஆரம்பித்துவிட்டது. மூன்று பேரின் கையும் அப்படியே நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தனக்குப் பசியில்லை என்று எழுந்தார். அத்தா அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டில் பேசினார். உம்மாவோ என் வலது கை விழுந்துவிட்டதென்றே நினைத்து அழுதுகொண்டு அதற்குத் தைலம் தேய்த்தாள். இடது கை அப்போது போர்வைக்குள் எரிந்துகொண்டிருந்தது.

இவ்வளவு பட்ட பிறகும் மாஷிடம் போய் எனக்கும் இடது கை வரும் என்று சொல்ல வாய் வரவில்லை. என் கூட்டுக்காரன் தானாகக் கவனித்து, தானாக என்னைக் கேட்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

ஒரு நாள் தைத்துக்கொண்டிருந்தபோது களமசேரிக்காரனின் உள்ளங்கையைக் கயிறு அறுத்துவிட்டது. சத்தம் போடாமல், பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியோடு நின்ற என்னிடம் கயிற்றின் நுனியை நீட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனான். மாஷ் அந்தக் கோடியில் துளை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த என் கூட்டுக்காரனுக்கு இது எதுவும் தெரியாது.

நான் உட்கார்ந்தேன். இடது கையால் இழுத்தேன். கயிறு போயிற்று, வந்தது, போயிற்று. உடம்பு திரும்பவே இல்லை. பலகையில் அவன் தட்டினான், நானும் தட்டினேன். இத்தனை மாதம் நான் ஆசைப்பட்டது இதுதான். பேசினால் கெட்டுவிடும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது, மலையாளத்தில். இன்றைக்கு உன் கை பிரமாதம், இப்படி ஒருநாளும் வந்ததில்லை, கடைசிப் பலகை வரை நாம்தான் ஜோடி என்று மாஷிடம் கேட்கப் போகிறேன் என்றான். எனக்கென்றால் தமிழில் சொல்லியிருப்பான்.

இது நான்டா என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை. யாருக்கு வந்த பாராட்டாக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது. இன்னும் நன்றாக இழுத்தேன்.

களமசேரிக்காரன் கையில் துணி சுற்றிக்கொண்டு திரும்பி வந்தான். நான் எழுந்து இடம் விட்டேன். அதே நேரம் என் கூட்டுக்காரன் உள்ளேயிருந்து எழுந்து எட்டிப் பார்த்து, துணி சுற்றிய கையைப் பார்த்துவிட்டு, இந்தக் கையோடா இப்படி இழுத்தாய் என்று அவனிடம் கேட்டான். அவன் இல்லை என்றான். நான் கைகழுவப் போயிருந்தேன், இழுத்தது இவன்தான் என்று என்னைக் காட்டினான்.

என் கூட்டுக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பாத்தியாடா, இவன் இப்படியாக்கும். ஒனக்கு மனசு நோகப்படாதுன்னு பறையறான்."

இடது கையை விரித்துக் காட்டியிருக்கலாம். காட்டி, நான்தான் நான்தான் என்று கெஞ்சிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே கூசியது. களமசேரிக்காரன் மறுபடியும் நிஜத்தைச் சொன்னான். மறுபடியும் என் கூட்டுக்காரன் நம்பவில்லை, அந்தத் துணி சுற்றிய கையைப் பிடித்துக்கொண்டான். களமசேரிக்காரன் மட்டும் அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால், அவனை வெறுத்துவிட்டு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.