மிக்ஸியில் தனுஷ்கோடி போன ஏகாம்பரம் அண்ணன்

நான் வேலை பார்க்கும் ஆலையின் காரியமாகத் தென்னேரிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் வரும்போது கைபேசி அடித்தது. ஜோசப்.

"அக்கா, வண்டி ஓட்டிக்கினு இருக்கீங்களா? மொதல்ல ஓரங்கட்டுங்க."

"கட்டிட்டேன். சொல்லு."

"ஸ்டாண்டு போட்டீங்களா?"

"போட்டுட்டேன்பா. இன்னா விஷயம்?"

"ஏகாம்பரம் அண்ணன் போயிட்டாருக்கா. காலைல எழுப்பப் போனாங்களாம். தூக்கத்துலயே போயிருக்காரு."

சாலையில் போகிறவர்களிடம் எந்தச் செய்தியையும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் மோட்டார் சைக்கிள் குழுவின் வழக்கம். அதைக் கொண்டுவந்தவர் ஏகாம்பரம் அண்ணன்தான். அவருடைய சாவுச் செய்தியும் அவர் போட்ட வழக்கப்படியே வந்து சேர்ந்தது. ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளையார்பாளையத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பட்டு நெய்கிறவர், சத்தமாகச் சிரிப்பவர், தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் அது அவர்தான். இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு வண்டி ஓட்டிய எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பயணம் இருக்கிறது. அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் அந்தக் குழுவில் சேர்ந்ததே தற்செயல்தான். திருப்புட்குழியில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. முன்னால் வந்தவர் என் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டுத் தன் ஆட்களிடம் திரும்பினார்.

"டேய், மிக்ஸி ஒண்ணு நிக்குதுடா. இட்லி மட்டும் இருந்தா சட்னிய இங்கியே அரைச்சிக்கலாம்."

"தேங்கா நீங்க வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டேன். முன்பின் தெரியாதவரிடம் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை நான். அது எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் கடகடவென்று சிரித்தார். "பேரு இன்னாம்மா? அடுத்த வாரம் வாலாஜாபாத் பாலாத்தங்கரைக்குப் போறோம். வறியா?"

போனேன். நாற்பதைத் தாண்டிய பெண், தனியாக அம்மாவோடு வாழ்கிறவள், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டு பழகியவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு கூட்டத்தின் நடுவில் ஓட்டுவது புதிதாக இருந்தது. நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். அவர் வண்டியை நிறுத்தி என்னை முன்னால் போகச் சொன்னார்.

"மெதுவா போறவங்கதான் முன்னால போவணும். பின்னால உட்டா, எட்டிப் புடிக்கணும்னு முறுக்கி எங்கனா வுழுவாங்க."

அன்று முதல் என் மிக்ஸிதான் முதல் வண்டி. அதன் பின்னால் பெரிய பெரிய வண்டிகளெல்லாம் கல்யாண ஊர்வலம் போல மெல்ல வந்தன. ஜோசப் புலம்பித் தீர்ப்பான். வாலாஜாபாத்தில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன், எங்களில் இளையவன். "அண்ணா, இந்த ஸ்பீடுல போனா எம்மாம் வயசாயிடும்ணா எனக்கு!" அண்ணன் அசையவே மாட்டார்.

கடற்கரையை ஒட்டியே தனுஷ்கோடி வரை போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தறியில் உட்கார்ந்தே ஆயுளில் பாதி போய்விட்டது, நிலம் முடிகிற இடத்தை ஒருமுறை தன் கையால் ஓட்டிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பார். 'தன் கையால்' என்பதை அழுத்திச் சொல்வார். அது ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஒரு தை மாதக் காலையில் நான்கு பேர் கிளம்பினோம். அண்ணன் புல்லட்டில். அவருக்குப் பின்னால் தாமு அண்ணன். ஒரே தறியில் அவரோடு சேர்ந்து நெய்கிறவர். ஜோசப் தன் வண்டியில். நான் மிக்ஸியில். செங்கல்பட்டு தாண்டி, கடலோரச் சாலையைப் பிடித்ததும் காற்றே வேறாகிவிட்டது. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் கடல் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. தாமு அண்ணன் பின்னால் உட்கார்ந்து சின்னப் பையன் போலக் கத்திக்கொண்டே வந்தார்.

மரக்காணத்துக்கு முன்னால் ஒரு கடையில் நிறுத்துவதாகப் பேசியிருந்தோம். நானும் ஜோசப்பும் நிறுத்தினோம். புல்லட் நிற்காமல் எங்களைத் தாண்டிப் போனது. தாமு அண்ணன் திரும்பிப் பார்த்துக் கைகளை விரித்துக் காட்டினார், தனக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது போல. பின்னாலேயே போனோம். கொஞ்ச தூரத்தில், உப்பளத்தை ஒட்டிய மண்சாலையில், வண்டி நின்றுபோயிருந்தது. அண்ணன் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இடது கையை மடியில் வைத்திருந்தார், வேறு யாருடைய கையையோ வைத்திருப்பது போல.

"கிளட்ச் புடிக்க முடிலம்மா" என்றார் என்னைப் பார்த்து. "வெரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. புடிக்காம எப்டி நிறுத்தறது? அதான் போய்க்கினே இருந்தேன்."

நரம்புத் தளர்ச்சியாம். டாக்டர் பார்த்துச் சொல்லி மாதங்கள் ஆகியிருந்தன. சரியாகாது, மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். வீட்டில் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. தாமு அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"தறியில நூல அடிக்கிற பலகைய இழுக்க முடியாம, பாவு நூலு சரியில்ல, பாவு சரியில்லன்னு திட்டிக்கினு இருந்தியே, அதுக்கு இதானா காரணம்? பக்கத்துல குந்தியிருக்கிறவன்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா?"

"சொன்னா நீ இந்த வண்டியத் தொட வுடுவியா?"

 ஜோசப்தான் மெல்ல ஆரம்பித்தான். தாமு அண்ணன் ஓட்டட்டும், அண்ணன் பின்னால் உட்கார்ந்து வரலாம் என்றான். நல்ல யோசனைதான். அண்ணன் கேட்கவில்லை.

"பின்னால குந்திக்கினு வந்தா கடலயாடா பாக்க முடியும்? இவன் முதுகதான் பாக்கணும். இந்த ஆள நான் தறியிலயே போதும் போதும்னு பாத்துட்டேன்."

திரும்பிப் போய்விடலாம் என்று அவரே சொன்னார். சொன்ன விதத்தில், இனி எப்போதும் கிளம்ப மாட்டார் என்பது தெரிந்தது.

அப்போது தாமு அண்ணனுக்கு வந்தது அந்த யோசனை. காஞ்சிபுரத்து ஆளைத் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். முதல் ஆள் உடலுக்கான நாடாவை, அதாவது நூல் சுற்றிய ஓடத்தை, விடுவார். அது இடப்பக்கம் வந்ததும், அங்கே உட்கார்ந்திருப்பவர் கரை நூலைக் கோத்துத் தன் நாடாவை விடுவார். கோர்வை என்பது அதுதான். இவர்கள் இருவரும் பேச்சே இல்லாமல் அப்படி நெய்து பழகியவர்கள்.

"வண்டியில கோர்வ போடலாம்யா" என்றார் தாமு அண்ணன். "நீ ஓட்டு. நான் பின்னால குந்தி, இடது பக்கம் கைய வுட்டுக் கிளட்ச் புடிக்கிறேன். எம்மாம் சேல நெய்ஞ்சிருக்கோம், இது முடியாதா?"

முடியாது என்று எனக்குத் தெரியும். ஜோசப்புக்கும் தெரியும். ஆனால் அண்ணனின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. ஆளில்லாத மண்சாலை, சரி என்று விட்டோம். தாமு அண்ணன் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு கையை நீட்டிக் கிளட்சைப் பிடித்தார். வண்டி கிளம்பியது. இரண்டாவது கியர்கூட விழுந்தது. நாங்கள் கை தட்டினோம். அப்போது வரப்பிலிருந்து ஒரு ஆடு குறுக்கே வந்தது.

அண்ணன் பிரேக்கை அழுத்தினார். கிளட்ச் விழவில்லை. வண்டி இரண்டு குதி குதித்து, யோசித்து யோசித்துச் சாய்வது போல, இருவரையும் உப்பளத்துச் சேற்றில் சாய்த்தது.

"ஏன்டா புடிக்கல?"

"நீ முடிச்சதும் நான் புடிக்கலாம்னு காத்துக்கினு இருந்தேன்யா!"

தறியில் அதுதானே முறை? அவர் நாடா வந்து சேர்ந்த பிறகுதான் இவர் கை அசைய வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பழகிய பொறுமையை அந்த ஒரு நிமிடத்தில் எப்படி விடுவது? சேற்றில் கிடந்தபடியே அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"எந்த ஊருபா நீங்க?"

"காஞ்சிபுரம்மா."

"ஒரு வண்டிய ரெண்டு பேரு ஓட்டறீங்களே, உங்க ஊர்ல வண்டிக்குப் பஞ்சமா?"

அந்த அம்மா தந்த தண்ணீரில் கை கால் கழுவினார்கள். யாருக்கும் அடி இல்லை.  சிரிப்பு அடங்கியதும் அண்ணன் என் ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"இதுல கிளட்ச் இல்லதானே?"

"இல்லண்ணா."

"இடது பக்கம் ஒரு பிரேக்கு. அது இல்லாம, வலது கையிலயே ஓட்டி வலது கையிலயே நிறுத்தலாமா?"

"மெதுவா போனா போலாம்."

"அப்ப உன் மிக்ஸிய எனக்குக் குடும்மா. எனக்கு வேணும்."

என்னால் மறக்க முடியாதது இதுதான். அவர் தலையைக் குனியவில்லை. குரலை இறக்கவில்லை. உதவி செய் என்றோ, தப்பா நினைக்காதே என்றோ சொல்லவில்லை. அந்த வண்டியை அத்தனை நாளாகக் கிண்டல் செய்த ஆள், தனக்கு அது வேண்டும் என்று நேராகச் சொன்னார். அதோடு நிற்கவும் இல்லை. "நீயும் உன் கையால ஓட்டிக்கினு போவணும்னுதானே வந்த. காலைல நான், மத்தியானத்துக்கு மேல நீ. ஓட்டாதவங்க பின்னால குந்திக்கலாம். சரியா?"

சரி என்றேன். புல்லட்டைத் தாமு அண்ணன் எடுத்துக்கொண்டார்.

அப்படித்தான் போனோம். கடலூர், தரங்கம்பாடி, வேதாரண்யம் என்று ஊர் ஊராகத் தங்கி, முதல் வண்டியாக மிக்ஸி, அதில் காலை நேரங்களில் மீசை வைத்த ஒரு பெரிய மனிதர். ஜோசப் ஒவ்வொரு டீக்கடையிலும் கேட்பான், "அண்ணா, சட்னி அரைஞ்சிடுச்சா?" அவரும் சளைக்காமல், "உப்பு பத்தலடா, இன்னும் ரெண்டு ஊரு போவணும்" என்பார். சோர்ந்தால் சொன்னார். கை வலித்தால் சொன்னார். உப்பளத்துக்குப் பிறகு அவரிடம் ஒளிக்க எதுவும் இல்லை. அது எங்கள் எல்லாருக்குமே இலேசாக இருந்தது.

தனுஷ்கோடியை நெருங்கியபோது மதியம் கடந்துவிட்டது. என் முறை. பாம்பன் பாலத்துக்கு முன்னாலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சாலை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சாவியை நீட்டினேன்.

"நீங்க ஓட்டுங்கண்ணா. இதுக்குத்தானே வந்தீங்க."

அவர் சாவியைப் பார்த்தார். ஆசை இல்லாமல் இல்லை, முகத்தில் தெரிந்தது. பிறகு என் கையை மூடிவிட்டார்.

"மொறன்னா மொறதான். ஓட்டு."

அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் கடல். இடப்பக்கம் அசையாமல் கிடக்கும், வலப்பக்கம் அலை எழுந்து வந்து அடிக்கும். ஆனால் ஓட்டுகிறவளுக்கு அது எதுவும் சரியாகத் தெரியவில்லை. சாலையில் மணல் ஏறியிருந்தது, பக்கக் காற்று வண்டியைத் தள்ளியது. நான் தார்ச்சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது.

"இந்தாண்ட பச்சையா இருக்குதும்மா... அந்தாண்ட நீலம்... ஐயோ, நடுவுல நம்ம ரோடு ரெட்டக் கர சேல மாதிரி போவுதும்மா!" பிறகு கொஞ்சம் பொறுத்து, ஆச்சரியத்தோடு, "ஓட்டறவன் ரோட்டதான் பாக்கறான். குந்திக்கினு வறவன்தான் கடல பாக்கறான். இது தெரியாம இருந்தேன் பாரேன்."

நிலம் முடிகிற இடத்தில் இறங்கி நின்றோம். அவர் இடது கையை வலது கையால் தூக்கிக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். தாமு அண்ணன் பக்கத்தில் போய், அந்த முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

ஊர் திரும்பிய அன்றே அண்ணியிடம் சொல்லிவிட்டார். துக்கத்துக்குப் போனபோது அண்ணி என்னிடம் சொன்னார்: "அதுக்கு முன்னால கைய ஒளிச்சி ஒளிச்சி வெச்சிக்கினு எரிஞ்சி எரிஞ்சி வுழுவாருமா. அங்க போயிட்டு வந்து வேற ஆளு. 'கமலா, சட்டப் பட்டன் போட்டு வுடு'ன்னு ராஜா மாதிரி வந்து நிப்பாரு. இந்தக் கடைசி வருசம் அவரு சந்தோஷமாதான் இருந்தாரு." ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவது நிற்கவில்லை. யார் வண்டியில் தோன்றுகிறதோ அதில் ஏறி உட்காருவார்.

நான் யாரிடமும் எதுவும் கேட்காதவள். அதைப் பெருமையாகவும் நினைத்திருந்தேன். அவர் போன சில வாரங்களில் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு பல நாள் ஆஸ்பத்திரி. வழக்கம்போல விடுப்புப் போட்டு, தனியாகச் சமாளிக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு ஜோசப்பைக் கூப்பிட்டேன். "ஜோசப், என்னால தனியா முடியாது. நீங்கள்லாம் வந்து மாத்தி மாத்தி இருக்கணும். எனக்கு வேணும்" என்றேன். குரல் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். ஏகாம்பரம் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான், குனியாமல் கேட்பது.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா நேற்று வாக்கரைப் பிடித்து ஜன்னல் வரை நடந்தாள். கமலா அண்ணி ரசம் சாதம் கொண்டுவந்திருக்கிறார். உள்ளே தாமு அண்ணன் அம்மாவுக்கு உப்பளத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆடு அவர் வாயில் எருமையாகிவிட்டது. அம்மா வலிக்கிறது, வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.