கண்ணாடி போட்டுட்டுச் சுடுங்க

துப்பாக்கி சுடும் கிளப்பில் துப்பாக்கியைக் கையில் கொடுப்பது சுலபம், கண்ணாடியை முகத்தில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. ஹெல்மெட் போடுங்க, சீட் பெல்ட் மாட்டுங்க என்று யாரிடமாவது கெஞ்சிப் பார்த்தவர்கள் எல்லாருமே எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

நாமக்கல்லில் பழைய முட்டை குடோன் ஒன்றில் எங்கள் கிளப் நடக்கிறது. ஏர் ரைஃபிள்தான். ஆனாலும் ஈயக் குண்டு இரும்புச் சட்டத்தில் பட்டால் சில சமயம் வந்த வழியே திரும்பி வரும். அதனால் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: “கண்ணாடி இல்லாம ஒருத்தர் சுட்டாலும் சரி, அன்னைக்கே நீ ஊட்டுக்குப் போயிக்கலாம்.” எனக்கோ குரலே கிடையாது. அப்பாரு கதை சொல்லும்போது ‘ம்’ கொட்டி வளர்ந்தவன். அந்த ‘ம்’தான் என் தொண்டையின் உச்சம்.

நெற்றிக்கண்

திருச்செங்கோட்டிலிருந்து, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரர் ஒருவர் வந்தார். போர் போடும்போது கல் சிதறுமே, கண்ணுக்கு என்ன போடுவீங்க என்று கேட்டேன். “பாறையே நம்மளப் பாத்தா ஒதுங்கிப் போகும் சாமி, மொளகாட்டம் இருக்கற இந்தக் குண்டு என்ன பண்ணிப்போடும்?” என்றார். முயல் வேட்டைக்குப் போன காலத்தில் தன் தாத்தா கண்ணாடியா போட்டார் என்று வேறு கேட்டார். அந்த வேட்டைக்கு இப்போது ஜெயில் என்பதையும் சேர்த்துச் சொல்லி, இரண்டு தடவை கெஞ்சினேன்.

மூன்றாம் தடவை மனமிரங்கி வாங்கினார். நான் குண்டு டப்பாவை எடுத்துவிட்டுத் திரும்பினால், கண்ணாடி நெற்றிக்கு மேலே தலைமுடியில் உட்கார்ந்திருக்கிறது. கண்கள் இரண்டும் அம்மணமாகக் குறி பார்க்கின்றன. பதறிப் போய்த் தோளைத் தொட்டேன். துப்பாக்கியை இறக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “போடச் சொன்னே, போட்டாச்சு. எங்க போடோணும்னு சொன்னியா?”

ஆயுத பூஜை

கிளப்பைக் கூட்டிப் பெருக்குவது செல்வியக்கா. ஆயுத பூஜையன்று துப்பாக்கி, மேசை, மின்விசிறி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கண்ணாடிகளையும் விடவில்லை. ஒவ்வொரு கண்ணாடியிலும் இரண்டு பொட்டு, கண்ணுக்கு ஒன்றாக நட்ட நடுவில்.

விடுமுறை முடிந்து காலையில் எருமப்பட்டியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். சந்தனம் காய்ந்து சுண்ணாம்பாக ஒட்டியிருக்கிறது. தேய்த்தால் கண்ணாடி கீறும், கழுவாமல் கொடுத்தால் ஒன்றும் தெரியாது, கொடுக்காமல் சுடவிட்டால் என் வேலை போகும். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, துப்பாக்கிகளைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். அதற்குள் ஒரு பெண் கழுவாததை எடுத்து மாட்டிக்கொண்டு, எதிரே அட்டையைப் பார்த்துக் கேட்டாள்: “அண்ணா, டார்கெட்டுக்கும் பொட்டு வெச்சுட்டீங்களா?”

கல்யாண ஜோடி

வாழப்பாடியிலிருந்து நிச்சயமான ஜோடி ஒன்று, போட்டோகிராபரோடு வந்தது. மாப்பிள்ளை சுடுகிற மாதிரி படம் வேண்டுமாம். சும்மா பிடித்தால் போதாதாம், நிஜமாகவே சுட வேண்டுமாம். கண்ணாடி போட்டால் முகபாவம் வராது என்று போட்டோகிராபர் அடம்பிடித்தார். மாப்பிள்ளை அவர் கட்சி. நான் கண்ணாடியை நீட்டியபடி நிற்கிறேன், வாசலில் முதலாளியின் கார் வந்து நிற்கும் சத்தம்.

கல்யாணப் பெண் கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி மாப்பிள்ளை மூக்கில் மாட்டிவிட்டுச் சொன்னாள்: “கண்ணு போயிட்டா நான் இவ்ளோ செலவு பண்ணி மேக்கப் போட்டது யாருக்கு?”

முதலாளி

போன மாதம் முதலாளியின் சம்பந்தி கெங்கவல்லியிலிருந்து வந்திருந்தார். அவரிடம் பெருமை காட்ட முதலாளியே துப்பாக்கியை எடுத்துக் குண்டு போட்டார். முகத்தில் கண்ணாடி இல்லை.

“ஐயா, கண்ணாடிங்க” என்றேன். காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். சம்பந்தியிடம் சிரித்துக்கொண்டே துப்பாக்கியைத் தோளில் ஏற்றிவிட்டார். யாராவது ‘ஸ்டாப்’ என்று கத்தினால் அத்தனை பேரும் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும் என்பது கிளப் சட்டம். கத்தினேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. ஐந்து பேர் துப்பாக்கியை வைத்தார்கள், முதலாளியையும் சேர்த்து. சம்பந்தி வேட்டியில் டீயைக் கொட்டிக்கொண்டார்.

முதலாளி முகம் சிவந்துபோனது. “ஏண்டா, நானு யாருன்னு தெரியுதா?” என்றார். “தெரியுதுங்க. கண்ணாடி இல்லாம ஒருத்தர் சுட்டாலும் எனக்கு வேலை இல்லைன்னு சொன்னவருங்க” என்றேன். சம்பந்தி டீ கொட்டியதையும் மறந்து வயிறு குலுங்கச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிச் சுட்டார். குண்டு பக்கத்து ஆளின் அட்டையில் போய்ப் பட்டது.

அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலை அவ்வளவுதான் என்று பையைக்கூடத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “நாளைக்கு நேரத்துல வந்துரு. ஆனா குறி தப்புனது இந்தக் கண்ணாடியாலதான்னு சம்பந்திக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிப்போடு.”

கண்களைக் காப்பாற்றும் வேலை என்றுதான் சேர்ந்தேன். மானத்தையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, அதற்கு இன்னும் யாரும் கண்ணாடி கண்டுபிடிக்கவில்லை.