பின்னால் உட்கார்ந்து பார்த்தவன்

பத்துமலை யாரையும் சைக்கிளில் ஏற்றுவதற்கு முன்னால், தான் ஒருமுறை பின்னால் உட்கார்ந்து பார்ப்பான். வேறு யாராவது மிதிக்க வேண்டும். அவன் கேரியரில் கண்ணை மூடிக்கொண்டு போய் வருவான். மலாயாவில் லகாட் பக்கத்தில் அவன் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. "மாப்ள ஊர்வலம் கெளம்பிருச்சிலா" என்பார்கள். இந்தப் பழக்கம் அவனிடம் ஒட்டிக்கொண்டது ஜப்பான்காரன் காலத்தில், அவன் மனைவி மாரியம்மா நிறைமாதமாக இருந்தபோது.

அன்று விடிந்ததும் காளியம்மா வந்து மாரியம்மாவின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை. தடவிய கை ஓரிடத்தில் நின்றது. எழுந்து வெளியே வந்தாள்.

"புள்ள குறுக்க கெடக்கு தம்பி. இது என் கைக்கு அடங்காது. வலி எடுக்கிறதுக்குள்ள பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு."

"எதுலக்கா கொண்டு போறது?"

"சைக்கிள்லதான். வேற என்ன இருக்கு? ஆனா ஒடம்பு குலுங்கக் கூடாது. குலுங்குனா வழியிலயே வலி எடுத்துரும்."

லாரிக்கு எண்ணெய் இல்லை. தோட்டத்து மாடுகளை ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மாடுகள் இருந்த காலத்தில் அதே சாலையில் வண்டியில் போனபோதுதான் அவர்களுடைய தலைச்சன் பிள்ளை பாதி வழியில் பிறந்தது, தங்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

சைக்கிளின் பின் டயர் கிழிந்து வெகு நாளாயிற்று. கயிற்றைச் சுற்றித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு அர்ச்சுனன், காற்றுக்குப் பறக்காமல் இருக்கத் தன் அத்தாப்பு ஓலைக் கூரைமேல் போட்டிருந்த பழைய டயரை இறக்கிக் கொடுத்தான். அது வெயிலில் காய்ந்து கருவாடாக விறைத்திருந்தது.

எப்படியோ ரிம்முக்குள் மாட்டிவிட்டார்கள். ஆனால் உட்காரவில்லை. டயரின் பக்கவாட்டில் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். டயர் சரியாக உட்கார்ந்தால் அந்தக் கோடு ரிம்மை விட்டு எங்கும் ஒரே அளவு தள்ளித் தெரியும். இங்கே ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் புகுந்து காணாமல் போயிருந்தது. நல்ல காலமாக இருந்தால் காற்றை நிறைய அடித்தால் போதும், 'டப்'பென்று ஏறிக்கொள்ளும். ஆனால் டியூப் முழுக்க ஒட்டு. வெடித்தால் வேறு டியூப் இல்லை. வழுக்கலாக எதையாவது தடவி நைசாகத்தான் ஏற்ற வேண்டும். சோப்பைக் கண்ணால் பார்த்தே நாளாயிற்று. எண்ணெய் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

"பால் தடவிப் பாப்பம்" என்றான் பத்துமலை.

ரப்பர் வாங்க ஆளில்லாமல் வெட்டாமல் விட்டிருந்த மரங்கள். கத்தியை வைத்ததும் பால் பொங்கி வந்தது. வெட்டுகிறவனின் விரலுக்கு அதைவிட வழுக்கலான பொருள் தெரியாது. டயர் விளிம்பில் தடவிக் காற்றடித்தான். கொஞ்சம் அசைந்தது. டியூபுக்குப் பயந்து நிறுத்தினான், மெதுவாக அடித்தான், மறுபடி நிறுத்தினான். அவன் பயந்து பயந்து அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பால் உறைந்தது. டயர் கோணலாகவே ரிம்மோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது.

"பால்மரத்துக்காரன் புத்தி பாலத் தாண்டிப் போகாது மச்சான்!" அர்ச்சுனன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம்தான் கோணல். போயிரலாம்லா" என்றான்.

"நீ மிதி. நான் பின்னால குந்துறேன்."

"நீ எதுக்கு?"

"அவ குந்தப் போற எடம்தானே? நான் பாக்கணும்."

சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தூக்கிப் போட்டது. பெரிய உதறல் இல்லை. சந்தைக்குப் போகிறவன் கவனிக்கக்கூட மாட்டான். லயத்து வீட்டு வரிசையின் கோடி வருவதற்குள் பத்துமலையின் கை தானாகத் தன் வயிற்றைப் பிடித்திருந்தது.

"எறக்கு மச்சான்."

டயரைக் கழற்றி, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உரிப்பதுபோல் ரிம்மிலிருந்து உறைந்த பாலை இழுத்து இழுத்து எடுத்தான். கதவோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாரியம்மா ஒரு சட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"இந்தாங்க. கெழங்கு மாவுக் கஞ்சி. தொட்டுப் பாருங்க, கொழகொழன்னு இருக்கு. சீக்கிரம் காயாது."

"அது நீ குடிக்க வச்சிருந்ததுலா."

"ஒரு வேள டயரு குடிக்கட்டும்."

கஞ்சியை விளிம்பு முழுக்க வழித்துத் தடவினான். கொஞ்சம் காற்று, மறைந்த இடத்தைக் கட்டைவிரலால் பிசைந்து இழுத்தான், பின்னும் கொஞ்சம் காற்று. இந்த முறை அவசரப்படுத்த எதுவும் உறையவில்லை. 'டப்'பென்ற சத்தமும் வரவில்லை. தூக்கத்தில் ஒருவர் இன்னொருவருக்கு இடம்விட்டுப் புரள்வதுபோல் டயர் மெல்ல நகர்ந்து மேலே வந்தது. கோடு முழுதாகத் தெரிந்தது.

மறுபடி பின்னால் ஏறினான். சக்கரம் இப்போது ஒருமுறைகூடத் தூக்கிப் போடவில்லை. அர்ச்சுனன் மிதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். "என்னா மச்சான், சத்தத்தக் காணோம்? தூங்கிட்டியா?"

"பேசாம ஓட்டு" என்றான் பத்துமலை. அவன் கண்கள் கலங்கியிருந்தன.

கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு மாரியம்மாவை ஒருபக்கமாக உட்கார வைத்தான். பள்ளம் வந்த இடங்களில் இறங்கித் தள்ளினான்.

"குலுங்குதா?"

"இல்ல."

சற்று தூரம் போனதும், "இப்ப குலுங்குதா?"

"நீங்க கேக்குறப்பதான் சிரிப்புல குலுங்குது. பேசாம வாங்க."

வலி வழியில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றின் மேலேயே கைவைத்துப் பிள்ளையைத் திருப்பிவிட்டாராம். சாயங்காலம்தான் வலி எடுத்தது. பத்துமலை வெளியே சைக்கிள் பக்கத்தில் குந்தி, டயர்க் கோட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தான். சக்கரம் சுற்றியது, விரல் அங்கேயே இருந்தது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டதும் சக்கரத்தை நிறுத்தினான். யாருடைய குழந்தை என்று தெரியாமல் கதவையே பார்த்தான். நர்ஸ் அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

பெண் குழந்தை. மாரியம்மா வெளிறிப் போய்க் கிடந்தாள். அவனைப் பார்த்ததும் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"அந்தக் கஞ்சியில மிச்சம் இருக்கா? பசிக்குது."

விரலிடுக்கில் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்த கஞ்சியைப் பார்த்தான். பிறகு, யார் வீட்டிலாவது ஒரு சட்டி கஞ்சி கிடைக்காதா என்று ரோட்டைப் பார்த்து ஓடினான். சைக்கிளை எடுக்கவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.