கடிதம் போனது, நாங்கள் போகவில்லை

நான் குண்டசாலையில் வசிக்கும் ஓர் அலுவலக எழுதுவினைஞர். கடந்த மழைக்காலத்தில் என் மகள் ஸ்கூட்டரில் போகும்போது, அலவத்துகொடையில் பாதையைக் கடந்த ஒரு முதியவர்மீது மோதிவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மூன்றாம் நாள் அவருடைய மகன் தொலைபேசியில் கூப்பிட்டார். "வாப்பாக்குக் கோவம் ஒண்டும் இல்ல. மகளக் கூட்டிக்கிட்டு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

"போவோம், அம்மா" என்று மகள் உடனே எழுந்தாள். நான்தான் தடுத்தேன். நேரில் மன்னிப்புக் கேட்டால், பொலிஸ் வழக்கில் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயந்தேன். பதிலாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பினேன். மழை, வழுக்கும் பாதை, மங்கிய வெளிச்சம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, இவை 'எக்ஸ்டெனுவேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்', அதாவது குற்றத்தின் பாரத்தைக் குறைக்கும் சூழ்நிலைகள் என்று எழுதினேன். அலுவலகத்தில் பலருக்கு எழுதிக்கொடுத்த சொற்கள்தாம்.

ஒரு கிழமையில் நிமோனியா கண்டு அவர் இறந்துவிட்டார். அதன் பிறகுதான் மகளோடு அந்த வீட்டுக்குப் போனேன். அவருடைய மகன் எங்களைக் கதிரையில் அமரச் சொன்னார்.

"கடிதத்த வாசிச்சுக் காட்டினேன். 'மழ பேஞ்சது எனக்கும் தெரியும். அந்தப் புள்ள எப்ப வருவா?' எண்டுதான் வாப்பா கேட்டாங்க. மவுத்தாகும் வரைக்கும் கேட்டாங்க."

மகள் அங்கேயே உடைந்து அழுதாள்.

இப்போதெல்லாம் பிழை எங்கள் பக்கம் என்றால் முதலில் நேரில் போகிறேன். அன்று தடுத்ததற்காக மகளிடமும் சாக்கு எதுவும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டேன்.