சுண்டுவிரல் நுழையும் கூண்டு

மகளுக்கு லவ் பேர்ட்ஸ் வாங்க, அவளையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக் கடைக்குப் போனேன். கூண்டுக்குள் தொங்கிய சின்ன மண்பானையைப் பார்த்ததும் என் விரல்கள் சில்லிட்டுப்போயின.

அப்போது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். பெரிய கிளி செத்துப்போன பழைய கூண்டில்தான் அப்பா ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸை விட்டு, முட்டையிட ஒரு மண்பானையும் தொங்கவிட்டிருந்தார்.

"கம்பி அகலமா கீதே," என்றாள் அம்மா.

"குருவி தல நுழையாது. இன்னாத்துக்கு பயந்துக்கினு கீற?" என்று சிரித்தார் அப்பா.

ஒரு காலையில் கூண்டில் சத்தமே இல்லை. முட்டை இருக்குமென்று ஆசையாகப் பானைக்குள் கை விட்டேன். இறகு தட்டுப்படவில்லை. வழவழவென்று, குளிர்ச்சியாக ஏதோ விரலடியில் நகர்ந்தது. எட்டிப் பார்த்த அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வீட்டில் பாம்பைப் பெயர் சொல்ல மாட்டார்கள்.

"பூச்சிம்மா... ஆடாத. மெதுவா கைய எடு," என்றார்.

கை எப்படி வெளியே வந்ததோ, தெரியாது. இரண்டு பறவைகளையும் விழுங்கிய வயிற்றோடு, வந்த கம்பி வழியே திரும்ப முடியாமல் அது பானைக்குள் சுருண்டு கிடந்தது.

கடைக்காரர் கூண்டைத் தட்டிக் காட்டினார். "பாருங்கக்கா, குருவி வெளிய வரவே வராது."

கம்பிகளுக்கு நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். போனது.

"இத விட நெருக்கமா வேற கீதா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். மகள் அதற்குள் கூண்டுக் கதவைத் திறந்து, பானைக்குள் கை விட்டிருந்தாள்.