வெயிலை விட்டு வந்த அத்தான்

எங்கள் அத்தானுக்குப் புல் என்றால் உயிர். "என்னை முதல்முதலா பாக்க வந்தப்போ என் முகத்தை ஒரு தடவைதான் பாத்தாரு. வாசல்ல இருந்த புல்லை மட்டும் குனிஞ்சு தடவித் தடவிப் பாத்தாரு" என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அத்தான் மறுத்துப் பேசவே மாட்டார். "அது நல்ல புல்லு" என்பார்.

ஊருக்கு வெளியே இருக்கும் கோல்ஃப் கிளப்பில் அவர் மைதான சூப்பரின்டெண்டென்ட். விஷயம் தெரியாதவர்கள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைப்பார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள், பெரிய ஆட்டக்காரர் போலிருக்கிறது என்று கை குலுக்குவார்கள். அவர் வாழ்நாளில் கோல்ஃப் மட்டையை வீசியதே இல்லை. பந்தைக் குழிக்குள் தள்ளும் இடம் இருக்கிறதே, அதற்குக் கிரீன் என்று பெயர். அங்கே புல்லைத் தீக்குச்சித் தடிமன் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். "அந்த உயரத்துல நிக்கிற புல்லு ஐசியூல படுத்திருக்கிற ஆள் மாதிரி மாப்ளே. மூச்சு மட்டும் விட்டுக்கிட்டு இருக்கும். நாமதான் பக்கத்துலயே இருக்கணும்" என்று எனக்கு ஒருமுறை விளக்கினார்.

நான் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன். அத்தான் சொல்லித்தான் கிளப் சமையலறையின் குளிர்பெட்டிகளும் அலுவலக ஏசிகளும் என் பொறுப்பில் வந்தன. அதனால் அங்கே நடந்ததில் பாதியை நேரிலேயே பார்த்தேன். மீதியை அக்காவும் லென்ஸும் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

லென்ஸ் என்பது அத்தானுக்கு உதவியாக இருந்த பெண்ணுக்கு ஆட்கள் வைத்த பெயர். எப்போதும் ஒரு பூதக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்துப் புல்லின் நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முப்பதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள். கோடையில் ஒரு மத்தியானம் அத்தான் ஏழாவது கிரீனுக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தபோது முதலில் ஓடி வந்தது அவள்தான். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் காத்திருக்காமல், மைதானத்துக்கு நீர் தெளிக்கும் குழாயைத் திறந்து, அவர் மேலேயே பாயவிட்டாள். ஆட்களெல்லாம் பதறிப்போனார்கள். அதுதான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "சிறுநீரகம் ரெண்டும் களைச்சுப் போயிருக்கு. வருஷக்கணக்கா வெயில்ல காய்ஞ்சிருக்கீங்க. இனிமே வெயில் வேண்டாம்."

"காலையில மட்டும் போலாமா டாக்டர்?"

"வேண்டாம்."

"குடை பிடிச்சுக்கிட்டு?"

டாக்டர் அவரை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எந்தப் பையன் எத்தனை தடவை கேட்டாலும் விடை மாறாது என்பது அவளுக்குத் தெரியும். "நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்றாள்.

அதே சமயத்தில் கிளப்பின் மேனேஜர், கடற்கரையில் ஒரு ஹோட்டலை நடத்தப் போகிறேன் என்று வேலையை விட்டார். கிளப் தலைவர் வீட்டுக்கே வந்தார். ஓய்வு பெற்ற கண் டாக்டர், தணிந்த குரல்காரர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பழக்கூடையை மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே மேனேஜரா உக்காருங்க. அங்க எந்தக் குழாய் எங்க ஓடுதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றார்.

"எனக்கு மனுஷங்களை வச்சு மேய்க்கத் தெரியாது சார்."

"புல்லையே வளர்த்தவருக்கு மனுஷங்க என்ன பிரமாதம்?"

அத்தான் பிடி கொடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். வாரக்கணக்கில் யோசித்தார். வீட்டில் அவர் யோசிப்பது தாங்க முடியாத காட்சி. குளியலறைக்குப் போனால் வர மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். "உங்களுக்கு ஏசி ரூம் கசக்குதா?" என்று அக்கா கேட்டாள். நானும் என் பங்குக்கு, "ஏசியை நானே பாத்துக்கறேன் அத்தான், காசு கேக்க மாட்டேன்" என்றேன்.

"அந்த ரூம்ல ஜன்னல் திறக்காதுடா" என்றார்.

"திறக்கற மாதிரி பண்ணிடலாம்."

"திறந்தா கார் நிறுத்தற இடம்தான் தெரியும்."

கடைசியில் அவர் மனசை மாற்றியது நாங்கள் இல்லை, லென்ஸ். பார்க்க வந்தவள் வாசலிலேயே நின்றபடி சொன்னாள்: "போங்க சார். நாம எதைக் கேட்டாலும் முடியாதுன்னு சொன்ன நாற்காலி அது. அதுல நம்ம ஆளு உக்காந்தா நமக்குத்தானே நல்லது?"

அவள் போன பிறகு அத்தான் தலைவருக்குப் போன் செய்து சரி என்றார். லென்ஸை சூப்பரின்டெண்டென்ட் ஆக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. உடனே ஒத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் வேலை அவர் நினைத்ததைவிட வேறு மாதிரி இருந்தது. சூப் ஆறிப்போயிருக்கிறது என்று ஒருவர் வருவார். தன் அலமாரிக் கதவு கிறீச்சிடுகிறது என்று ஒரு அம்மா வருவார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு உறுப்பினர்கள் ஒரே மரத்தின் நிழலில் காரை நிறுத்தச் சண்டை போடுவார்கள். இரண்டு பேரையும் அத்தான் தனித்தனியாகச் சமாதானப்படுத்த வேண்டும். "நாள் முழுக்கப் பேசினேன் மாப்ளே. என்ன பேசினேன்னு ஒண்ணும் ஞாபகம் இல்லை" என்பார். ஆனாலும் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது, காலில் வீக்கம் வடிந்திருந்தது. அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். மைதானத்துக்கு வேண்டியவற்றையும் அவர் ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்தார். நம்ம ஆள் உட்கார்ந்தது வீண் போகவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மழை ஓய்ந்து புழுக்கம் தொடங்கிய நாட்கள். வெளியூர் ஆட்டக்காரர்கள் வரும் பெரிய போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அத்தான் அறையில் ஏணி மேல் நின்று ஏசியின் வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். லென்ஸ் சேறு படிந்த காலணியோடு கம்பளத்தில் நடந்து வந்தாள்.

"சார், நாலாவதுலயும் ஏழாவதுலயும் வந்திடுச்சு. பனி மேல பஞ்சு பஞ்சா நிக்குது."

அவள் முடிக்கும் முன்பே அத்தான் வெளியே போய்விட்டார். நான் ஏணியிலிருந்து இறங்கி, குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கிரீனில் அங்கங்கே உள்ளங்கை அளவுக்குப் புல் எண்ணெய் கொட்டியதுபோல் படிந்து கிடந்தது. அத்தான் மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தார். விரலில் வழவழத்தது. அது ஒரு பூஞ்சை நோய்.

"புல்லு வெட்டற மெஷின் சக்கரத்துல ஒட்டிக்கிட்டு ஓடும் சார்" என்றாள் லென்ஸ். "வெட்டக் கூடாது, மிதிக்கக் கூடாது. ரெண்டையும் மூடணும். போட்டியைத் தள்ளி வைங்க."

"தலைவர்கிட்ட பேசறேன்."

தலைவர் கோபப்படவில்லை. முழுவதையும் கேட்டார். பிறகு, "ஆட்கள் ஊர்ல இருந்து கிளம்பிட்டாங்க. இப்ப நிறுத்தினா அடுத்த வருஷம் ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்க. ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இப்ப புல்லுக்காரரா பேசறீங்களா, மேனேஜரா பேசறீங்களா?" என்றார்.

"வாயைத் திறந்தேன் மாப்ளே. ரெண்டு பேரும் உள்ள இருந்தாங்க. ஒருத்தனும் பேசலை" என்று அத்தான் பின்னால் என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவரே மறுபடி ஏழாவது கிரீனுக்குப் போய்ப் பார்த்தார். காலையில் பார்த்த அதே இடம், அதே வழவழப்பு. ஆனால் இந்தத் தடவை அது அவ்வளவு மோசமாக அவருக்குத் தெரியவில்லை. லென்ஸிடம், "மருந்து அடிச்சாச்சு. பெரிய காத்தாடி வச்சுக் காய விடலாம். போட்டி முடியற வரைக்கும் தாங்கும்மா" என்றார்.

"நீங்களா சார் சொல்றீங்க?"

"தாங்கும்."

"நீங்க சொன்னா செய்யறேன்" என்றாள் அவள். எதிர்த்து நின்று நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

போட்டி அமோகமாக நடந்தது. கைதட்டலும் கோப்பையுமாக எல்லோரும் கலைந்து போனார்கள். அவர்கள் போன கையோடு புல் செத்தது. மெஷின் போன கோடுகளிலும் ஆட்கள் நடந்த தடங்களிலும் பழுப்பு ஓடியது. நாலும் ஏழும் மட்டுமல்ல, மைதானத்தில் பாதி கிரீன்கள் கருகிப்போயின. உறுப்பினர்கள் கொதித்தார்கள். காலையில் ஆட வந்தவர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக அத்தான் அறைக்கு வந்தார்கள்.

கமிட்டி கூடியது. அத்தான் எழுந்து நின்று, "முடிவு எடுத்தது நான். மூடச் சொல்லி அந்தப் பொண்ணு சொல்லிச்சு, நான்தான் கேக்கலை" என்றார்.

"உங்க பெருந்தன்மை எங்களுக்குத் தெரியும்" என்றார் தலைவர். "ஆனா நீங்க மைதானத்தைப் பாத்துக்கிட்ட காலத்துல இப்படி வந்ததே இல்லையே."

"வந்திருக்கு சார். அப்ப போட்டி இல்லை. மூடி வச்சேன். ஒருத்தருக்கும் தெரியலை."

எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். இத்தனை வருஷம் அவர் சேர்த்து வைத்த நல்ல பேரையே தடியாக எடுத்து அந்தப் பெண்ணை அடித்தார்கள். அதைத் தடுக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை. அவளை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. அதை அவளிடம் சொல்ல வேண்டியது மேனேஜர்.

வீட்டுக்கு வந்து, வேலையை விடப் போகிறேன் என்றார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க விட்டா அவளை வச்சுக்குவாங்களா?"

"மாட்டாங்க."

"நீங்க மறுபடி மைதானத்துல இறங்க முடியுமா?"

"முடியாது."

"விட வேண்டாம்னு நான் சொல்லலைங்க" என்றாள் அக்கா. கணக்கு டீச்சருக்கே விடை வராத கணக்கு.

அப்படியும் மறுநாள் தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் தோளில் கை வைத்து, "மனசு கஷ்டமா இருக்கு, புரியுது. ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க" என்றார். அவர் கத்தியிருந்தால் அத்தானும் கத்தியிருப்பார். ஆத்திரத்தோடு போனவர் லீவு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அந்த லீவையும் எடுக்கவில்லை.

லென்ஸிடம் எப்படிச் சொன்னார் என்று அவர் எங்களிடம் பேசியதில்லை. தன் பொருட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளே என்னிடம் சொன்னாள். "மோட்டார் ரூமுக்குக் கூப்பிட்டாரு. வந்து நின்னாரு, ஆரம்பிக்கவே முடியலை. நானே, தெரியும் சார், நீங்க சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டேன். அழுதுட்டாரு. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவரு அவரு. கடைசியில நான்தான் தண்ணி கொண்டு வந்து குடுத்தேன்."

"உனக்குக் கோபம் இல்லையா?" என்றேன்.

"இருக்கு" என்றாள். "ஆனா அவரு மேல எந்த இடத்துல கோபப்படறதுன்னு தெரியலை." வண்டியின் கதவைச் சாத்தினாள். "அவரு அன்னிக்குத் தலைவர்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம், அவ்வளவுதான். ஆனா புல்லு இருந்திருக்கும்."

புதிய சூப்பரின்டெண்டென்ட் வந்தார். நல்ல உழைப்பாளி. கருகிய இடங்களை வெட்டி எடுத்துப் புதுப்புல் பதித்தார். மெல்ல மெல்ல எல்லாம் பச்சை பிடித்தது. வருகிறவர்களுக்கு எந்த இடம் பழையது, எந்த இடம் புதியது என்று தெரியாது. அத்தான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். புதியவர் ஏதாவது கேட்க வந்தால் முடிந்ததைச் செய்துகொடுப்பார்; முடியாததை முடியாது என்று சொல்லிவிடுவார். முன்பு இருந்த மேனேஜரைப் பற்றி அத்தான் ஒரு காலத்தில் பொரிந்து தள்ளிய பேச்சையெல்லாம் இப்போது எடுப்பதில்லை.

லென்ஸுக்கு ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை கிடைத்தது. அத்தான் பல தடவை போன் செய்தும் அவள் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். நானும் அப்போது வீட்டில் இருந்தேன். அங்கே தண்ணீர் எப்படி, மண் எப்படி என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள் போலிருக்கிறது. ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவள் ஏதோ கேட்டாள்.

"இன்னும் அங்கயேதான் இருக்கேன்மா" என்றார் அத்தான்.

போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு ஆறிப்போகிறது என்று அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். எழுந்து போய்ச் சாப்பிட்டார்.